எத்தனையாவது கேள்வி இது?

லால் பகதூர் சாஸ்திரி இந்தியாவின் இரண்டாவது பிரதமர். இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் எட்டாம் கிளாஸ் பையன்கூட சொல்லிவிடுவான். சரி, அந்தப் பதிலுக்கு உரிய கேள்வியை இங்கிலீஷில் கேளுங்கள், பார்ப்போம். 'சாஸ்திரி இந்தியாவின் எத்தனையாவது பிரதமர்?'

மாட்டிக்கொண்டீர்களா? தமிழ்நாட்டில் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்த எவரும் இந்த இடத்தில் ஒருமுறை முட்டிக்கொள்ளாமல் போனதில்லை. புது வாத்தியார் வந்தால் கடைசி பெஞ்சிலிருந்து முதலில் பறக்கிற அஸ்திரம் இதுதான். 'ஹவ் மெனியத்' என்று சொந்தமாக ஒரு வார்த்தையைச் செய்து பார்க்கிற துணிச்சல்காரர்களும் உண்டு.

உண்மை என்னவென்றால், குறை உங்களிடம் இல்லை. தமிழில் 'இரண்டு' என்பதோடு 'ஆவது' சேர்த்தால் 'இரண்டாவது'. 'எத்தனை' என்பதோடு அதே 'ஆவது' சேர்த்தால் 'எத்தனையாவது'. கணக்கு சுத்தம். இங்கிலீஷில் 'டூ'வுக்கு 'செகண்ட்' உண்டு, 'த்ரீ'க்கு 'தேர்ட்' உண்டு. 'ஹவ் மெனி'க்கு மட்டும் ஜோடி கிடையாது. அந்த மொழியின் கைவசம் அந்தச் சாமான் இல்லை, அவ்வளவுதான். அதனால் இங்கிலீஷ்காரர் சுற்றி வருவார். வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று தெரிய வேண்டுமானால், 'ஆர் யூ தி எல்டஸ்ட்?' என்று தொடங்குவார். பிரதமர் விஷயமென்றால், சாஸ்திரிக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பார்.

இந்த நாலு வரியை எந்தப் புத்தகமாவது உங்களுக்குச் சொல்லித் தந்ததா? என்னுடைய புகார் அதுதான். நம்மூரில் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. இங்கிலீஷ் படிக்கிற தமிழனுக்கு வருகிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிற புத்தகம்தான் அபூர்வம்.

பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று பட்டப்பெயர். செயின்ட் ஜான்ஸ், 1895-ல் தொடங்கிய சாரா டக்கர், 1923-ல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ், ஆற்றுக்கு அந்தப்பக்கம் இந்து கல்லூரி என்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அதே ஊரில், 'முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்' என்ற போர்டுக்கும் குறைவில்லை. முந்தையது நன்றாக நடந்திருந்தால் பிந்தையதற்கு வேலை என்ன? பன்னிரண்டு வருஷம் பள்ளியில், மூன்று வருஷம் கல்லூரியில் இங்கிலீஷை ஒரு பாடமாகப் படித்து பாஸும் ஆனவர், அதற்கப்புறம் காசு கட்டி முப்பது நாள் படிக்கப் போகிறார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

முதலில் பெரியவரிடமிருந்து தொடங்குவோம். ரென் அண்ட் மார்ட்டின். எழுபது, எண்பது வருஷங்களாக இந்திய வீடுகளில் அப்பா படித்த புத்தகத்தையே பிள்ளையும் படிக்கிற பெருமை இந்த ஒரு இலக்கணத்துக்குத்தான். எழுதியவர்களில் ஒருவரான பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதி உலகப் புகழ் பெற்றார். நம்மைப் பொறுத்தவரை நாவலை யாரும் தொடவில்லை, இலக்கணத்தை யாரும் விடவில்லை!

புத்தகத்தின் நேர்த்தியைக் குறை சொல்லவே முடியாது. விதி, உதாரணம், பயிற்சி என்று வரப்பு கட்டிய வயல் மாதிரி இருக்கும். ராமன், ஹரி என்று நம்மூர்ப் பெயர்கள்கூட உண்டு. ஆனால் பெயர் மட்டும்தான் நம்மூர். அந்த ராமன் வீட்டில் என்ன பாஷை பேசுகிறான் என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அமிர்தசரஸில் இருப்பவனுக்கும் அம்பாசமுத்திரத்தில் இருப்பவனுக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை. தவறு எங்கே வரும், ஏன் வரும் என்பது தாய்மொழியைப் பொறுத்தது. அது தெரியாமல் எழுதினால், எது சரி என்று சொல்ல முடியும். நீங்கள் ஏன் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று சொல்ல முடியாது.

நான் படித்தது பி.காம். எங்கள் படிப்பில் முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. நம்மூர் இங்கிலீஷ் புத்தகங்கள் ஒற்றைப் பதிவுக் கணக்கு. இங்கிலீஷ் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கும். தமிழ்ப் பக்கம் காலி.

அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பிப் பார்த்தால் எப்படி இருக்கும்? நாலைந்து சந்தேகங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலில் 'சின்ஸ்', 'ஃபார்' தகராறு. 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பது நேர்முகத் தேர்வுகளில் தினமும் ஒலிக்கிற வாக்கியம். 'காலத்தின் தொடக்கப் புள்ளிக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபார்' என்று புத்தகம் சொல்லும். பரீட்சையில் எழுதிவிடலாம், பேசும்போது ஞாபகம் வராது. ஆனால் நம் பேச்சிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறதே! 'மூணு வருஷமா இருக்கேன்' என்பீர்கள். 'போன தீபாவளியிலேர்ந்து இருக்கேன்' என்பீர்கள். 'ஆ' வந்தால் ஃபார். 'லேர்ந்து' வந்தால் சின்ஸ். நெல்லையப்பர் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாகூட இந்த இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டார். பி.ஈ. படித்த பையன் மாற்றிச் சொல்கிறான். காரணம், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் இது என்று யாரும் சொல்லவில்லை.

அதே வாக்கியத்தில் இன்னொரு குழி உண்டு. தமிழில் 'மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னால் போதும். இங்கிலீஷ்காரருக்குப் போதாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது இன்னும் ஓடுகிறது என்பதை வினைச்சொல்லிலேயே காட்ட வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்'. முதல் விஷயத்தில் தமிழ் கை கொடுக்கிறது. இரண்டாவதில் காலை வாருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நல்ல பாடம்.

அடுத்து, உலகப் புகழ்பெற்ற 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'. 'ஹேவ்' என்ற வினைச்சொல்லுக்கு நேரான சொல் நம் பேச்சில் கிடையாது. 'எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க' என்றுதான் சொல்வோம். அந்த 'இருக்கு' 'ஆம்' ஆகிறது. கையில் புதிதாகக் கிடைத்த 'இங்' ஒட்டிக்கொள்கிறது. இதே கதைதான் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' எல்லாம்.

இதற்கு ஒரு சுலபமான வழி தமிழிலேயே இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்குப் புரியும், எனக்கு இருக்கு. பாருங்கள், இவை எதிலும் 'நான்' வரவில்லை, 'எனக்கு' வருகிறது. 'எனக்குத் தெரிஞ்சுக்கிட்டிருக்கு' என்று யாராவது சொல்வோமா? 'எனக்குப் பிடிச்சுக்கிட்டிருக்கு' என்றால் பக்கத்திலிருப்பவர் டாக்டரைக் கூப்பிடுவார். இந்த மாதிரி 'எனக்கு' வினைகளுக்குத் தமிழில் எப்படி 'கொண்டிருக்கிறது' ஒட்டாதோ, பெரும்பாலும் இங்கிலீஷிலும் 'இங்' ஒட்டாது. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ஹேவ். வலி, காய்ச்சல் மாதிரி உடம்பு சமாசாரங்கள் விதிவிலக்கு. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியான இங்கிலீஷ்தான். அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, 'நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்' என்று 'நான்' போட்டுத்தானே சொல்கிறோம்!

மூன்றாவது, 'ஏ'வா 'தி'யா? 'தி'க்கு இணையாகத் தமிழில் தனிச்சொல் இல்லை. அதனால் இது நமக்கு வராத வித்தை என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பேச்சில், 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா? முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, நம் இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த 'ஐ' உருபு வருகிற இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். சந்தேகமிருந்தால், 'பொண்ணு பார்க்கப் போனான்', 'பொண்ணைப் பார்க்கப் போனான்' என்ற இரண்டையும் வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதலாவதற்குத் தாம்பூலத் தட்டு வரும். இரண்டாவதற்கு 'எந்தப் பொண்ணை?' என்று கேள்வி வரும்.

நான்காவது, 'ஸே', 'டெல்'. 'ஹி டோல்ட் தட்' என்று எழுதினால் சிவப்பு மை. நமக்கு இரண்டும் 'சொன்னான்'தான். எளிய வழி: 'என்கிட்ட சொன்னான்', 'அம்மாகிட்ட சொன்னான்' என்று ஆள் வந்தால் 'டோல்ட்'; ஆள் வராமல் வெறுமனே 'சொன்னான்' என்றால் 'ஸெட்'.

தமிழ் நேரடியாகவே வழி தப்ப வைக்கிற இடங்களும் உண்டு. 'இன்னிக்குக் காலைல' என்பது 'டுடே மார்னிங்' ஆகிவிடும். இங்கிலீஷில் 'திஸ் மார்னிங்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதன் 'பற்றி', 'டிஸ்கஸ்' கூடவே 'அபவுட்' ஆக வந்து உட்காரும். இங்கிலீஷில் அந்தப் 'பற்றி' ஏற்கெனவே 'டிஸ்கஸ்' வயிற்றுக்குள் இருக்கிறது. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்பது நம் பண்பாடு. நேர்முகத் தேர்வு முடிந்து எழுந்து 'ஐ வில் கம் சார்' என்றால், எதிரே இருப்பவர் 'எப்போது?' என்று விழிப்பார்.

இன்னும் சில இடங்களில் தப்பு என்று சொல்லப்படுவது தப்பே இல்லை; இங்கிலீஷின் வறுமைக்கு நாம் போட்ட ஒட்டு. 'கசின் பிரதர்' என்றால் சிரிக்கிறார்கள். ஏன் சொல்கிறோம்? சித்தப்பா மகன் நமக்கு அண்ணன், தம்பி. அத்தை மகன் அத்தான். ஒருவர் கூடப்பிறந்த மாதிரி. இன்னொருவர் மாப்பிள்ளை முறை. இங்கிலீஷ்காரர் இருவரையும் 'கசின்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். சித்தப்பா மகனை அந்தச் சாக்கிலிருந்து பத்திரமாக வெளியே எடுப்பதற்காக நம் ஆள் கூடவே ஒரு 'பிரதர்' சேர்த்தான். வெளிநாட்டுக்காரரிடம் 'கசின்' என்றால் போதும். ஆனால் 'கசின் பிரதர்' சொன்னவன் முட்டாள் இல்லை, ஜாக்கிரதைக்காரன். மைனி, கொழுந்தியா, நாத்தனார் மூவரும் 'சிஸ்டர் இன் லா' ஆகிவிடுகிற மொழியில் வேறென்ன செய்வது? 'வாலே', 'வாரும்வே', 'வாங்க அண்ணாச்சி' மூன்றுக்கும் சேர்த்து அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு 'கம்'.

இங்கிலீஷும் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தள்ளிப்போடுவதற்கு 'போஸ்ட்போன்' என்றால் முன்னால் கொண்டுவருவதற்கு 'ப்ரீபோன்' என்று இந்தியர்கள் சொன்னார்கள். அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளிலேயே ஏறிவிட்டது. 2017-ல் 'அண்ணா'வும் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் அகராதிக்குள் போய்விட்டார். இதற்காக 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்'ஸும் நாளைக்கு ஏறிவிடும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. எது ஒட்டு, எது ஓட்டை என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்கிறேன்.

'இதெல்லாம் சரி சார், இங்கிலீஷ் பேச வேண்டுமானால் இங்கிலீஷிலேயே யோசிக்கணும், தமிழை மறந்துடணும்' என்பார்கள் நிபுணர்கள். யோசிக்க வேண்டியதுதான். ஆனால் அது கடைசியில் வருகிற நிலை. தொடக்கத்திலேயே அதைக் கேட்பது நியாயமில்லை. தாமிரபரணியில் குளிக்கப் போகிறவர் படித்துறை வழியாகத்தான் இறங்குகிறார். நீச்சல் பழகியபிறகு பாலத்திலிருந்து குதிக்கட்டும், யார் வேண்டாமென்றது? படித்துறையை இடித்துவிட்டு 'குதி' என்றால், பத்துப் பேரில் இரண்டு பேர் நீந்துவார்கள். மற்றவர்கள் கரையிலேயே உட்கார்ந்து, 'நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி இரண்டு பக்கமும் எழுதிய கணக்கு இதற்கு முன்னால் இல்லவே இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. இதே திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. ஆனால் திசைதான் வேறு!

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன்காரர் ரேனியஸ், இங்கே தமிழ் பேசிப் பழகி, 1830-களில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தை இங்கிலீஷில் எழுதினார். கனடாவில் பிறந்த ஜி.யு. போப், சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் அவர் போட்டது, பேச்சுவழக்குத் தமிழை வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் பாடமாகச் சொல்லித்தருகிற ஒரு கையேடு. இலக்கியத் தமிழ் பிறகு, முதலில் தெருவில் பேசுகிற தமிழ் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல், 1841-ல் இடையன்குடிக்கு வந்து ஐம்பது வருஷம் அங்கேயே இருந்தார். 1856-ல் வந்த அவருடைய ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளின் குடும்ப அட்டையையே எழுதியது.

கால்டுவெல் கவனித்து எழுதிய விஷயங்களில் ஒன்று 'நாம்', 'நாங்கள்'. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விட்டுவிட்டால் 'நாங்கள்'. இங்கிலீஷில் இரண்டும் 'வீ'. நாம் மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவதை, வெளியே இருந்து வந்தவர் நின்று பார்த்தார். தன் மொழியையும் நம் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதினார்கள் இவர்கள். தமிழ் படிக்கிற வெள்ளைக்காரரின் சந்தேகம் எதையும் மட்டமாக நினைக்கவில்லை. அந்தச் சந்தேகத்திலிருந்துதான் புத்தகமே பிறந்தது.

நமக்கு இங்கிலீஷ் வந்து இத்தனை தலைமுறை ஆயிற்று. நம்முடைய சந்தேகங்களிலிருந்து அந்தத் தரத்தில் ஒரு புத்தகம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறதா? அகராதிகள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960-களில் வந்தது. 1992-ல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தது. சொல்லுக்குச் சொல் கிடைத்துவிட்டது. வாக்கியத்துக்கு வழிதான் கிடைக்கவில்லை.

பாரதி சிறுவயதில் நெல்லை இந்து கல்லூரிப் பள்ளியில் படித்தவர். அந்த இங்கிலீஷ் படிப்பால் அப்பாவின் பணம் போனதுதான் மிச்சம் என்று 'சுயசரிதை'யில் மனம் நொந்து பாடியிருக்கிறார். அதே பாரதிதான் ஷெல்லியின் கவிதையில் மயங்கி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் கோபம் இங்கிலீஷ் மீதல்ல, அதைச் சொல்லிக்கொடுத்த விதத்தின் மீது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதே இந்து கல்லூரியில் பி.ஏ. படித்த புதுமைப்பித்தன், இங்கிலீஷ் வழியாக உலகத்துக் கதைகளையெல்லாம் தமிழுக்கு அள்ளிக்கொண்டு வந்தார். இங்கிலீஷை இப்படி ஆள முடியும் என்று காட்டிய ஊர் இது.

ஆனால் மேதைகளுக்குப் புத்தகம் தேவையில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக, இரவு பஸ்ஸில் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண்ணுக்குத் தேவை. கணக்கில் அவள் புலி. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவாள். 'டெல் அபவுட் யுவர்செல்ஃப்' என்றதும், 'ஐ ஆம் ஹேவிங்' என்று தொடங்குவாள். எதிரே இருப்பவரின் உதட்டோரம் லேசாக ஒரு சுழிப்பு. அவ்வளவுதான், அடுத்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். அவள் தோற்றது இங்கிலீஷால் அல்ல. தன் தப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்யலாம் என்று பதினைந்து வருஷத்தில் ஒருவரும் சொல்லாததால் தோற்றாள்.

வாத்தியார்களே, பெற்றோர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். பிள்ளை இங்கிலீஷில் 'ஏன் இப்படி?' என்று கேட்டால், 'இங்கிலீஷ்ல அப்படித்தான், மனப்பாடம் பண்ணு' என்று வாயை அடைக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்லுங்கள். இடது பக்கம், அவன் தமிழில் எப்படிச் சொல்வானோ அப்படியே, வீட்டுப் பேச்சில். வலது பக்கம் இங்கிலீஷ். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று அவனே எழுதட்டும். ரென் அண்ட் மார்ட்டின் அலமாரியிலேயே இருக்கட்டும், அடிக்கடி தேவைப்படும். ஆனால் அந்த நோட்டு மேஜை மேல் இருக்கட்டும்.